எல்லை கடந்த மறைப்பணி: முத்துக்குளித்துறைத் திருச்சபைகளின் கடமை குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

1. கேள்வி

சொந்த ஊர், சொந்த மொழி, சொந்த உறவுமுறை ஆகியவை தரும் பாதுகாப்பைவிட்டு, பழக்கமில்லாத மக்களிடையே சென்று வாழ்ந்து ஊழியம் செய்யும் அழைப்பு குருக்களுக்கும் துறவியருக்கும் சில மிஷனெரிகளுக்கும் மட்டும் உரியதா, அல்லது திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் உரியதா என்ற கேள்வி திருச்சபைகளில் மீண்டும் மீண்டும் எழுகிறது. கத்தோலிக்கப் பங்குகளிலிருந்தும், தென்னிந்தியத் திருச்சபையில் பல சபைகளை ஒரே குருவானவரின் பொறுப்பில் இணைக்கும் சேகரங்களிலிருந்தும் ஊழியர்களை அனுப்பிவரும் இவ்வமைப்பு, அக்கேள்விக்கும் அதனோடு பிரிக்க முடியாதபடி இணைந்த மற்றொரு கேள்விக்கும், அதாவது அவ்வாறு செல்பவர் அங்கே எந்த நிலையில் வாழ வேண்டும் என்பதற்கும், தன் விடையை இங்கே முன்வைக்கிறது.

அழைப்பு அனைவருக்கும் உரியது என்றும், ஒருவர் எவ்வளவு தொலைவு சென்றார் என்பதைவிட, சென்ற இடத்தின் மொழியைக் கற்று, அங்குள்ள வீட்டில் உண்டு, அம்மக்களின் திருத்தத்தை ஏற்கும் விருந்தாளியாக வாழ்ந்தாரா என்பதே அவ்வழைப்புக்குச் செலுத்திய கீழ்ப்படிதலின் அளவு என்றும் இவ்வமைப்பு உறுதியாக நம்புகிறது.

2. திருமறை காட்டும் வழி

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை அனுப்பும்போது, பணப்பையும் மாற்றுச் செருப்பும் எடுத்துச் செல்லாமல், ஏற்றுக்கொள்ளும் வீட்டிலேயே தங்கி, அங்கே பரிமாறப்படுவதை உண்ணும்படி கட்டளையிடுகிறார். அனுப்பப்பட்டவர் கொடுக்கும் கையாக மட்டுமன்றிப் பெறும் கையாகவும் வாழ வேண்டும் என்பதே அதன் பொருள். அப்போஸ்தலர் நடபடிகளின் பத்தாம் அதிகாரத்தில், யோப்பா துறைமுக நகரில் தோல் பதனிடுபவர் வீட்டில் தங்கியிருந்த பேதுரு, செசரியாவிலிருந்த ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டுக்கு அழைக்கப்படுகிறார். புறப்பட்ட மறுநாளே சென்று சேரக்கூடிய தொலைவுதான் எனினும், வேற்றினத்தாரின் வீட்டுக்குள் நுழைந்து அவர்களோடு தங்குவதற்குப் பேதுரு தம் வாழ்நாள் முழுவதும் காத்த வழக்கத்தையே கடக்க வேண்டியிருந்தது. திரும்பிய பின் எருசலேமிலிருந்த சகோதரர்கள், அவர் போதித்ததைக் குறித்து அன்று, விருத்தசேதனமில்லாதவர்களோடு அமர்ந்து உண்டதைக் குறித்தே அவரிடம் கணக்குக் கேட்டார்கள் என்பது கருதத்தக்கது.

3. இக்கடற்கரையின் சான்று

முத்துக்குளித்துறை எனப்படுவது, மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் பார்களை நம்பி வாழ்ந்த, தூத்துக்குடியை மையமாகக் கொண்ட கடற்கரைப் பகுதியாகும். 1530களில் இங்கே பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றதில் நம்பிக்கையோடு முத்து வணிகப் போட்டியும் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைப் பெறும் தேவையும் கலந்திருந்தன. இதை மறைக்காமல் சொல்வது திருச்சபையின் கடமை. ஏனெனில் அரசியல் பாதுகாப்பால் தொடங்கிய சமயம் மக்களின் சொந்த வாழ்வாக மாறியது, பின்னர் வந்து அவர்களோடு உழைத்தவர்களாலும் அம்மக்களின் சொந்த விசுவாச உறுதியாலுமே ஆகும்.

1542ஆம் ஆண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துக்கீசிய மொழியும் அறிந்த உள்ளூரார் சிலரை அமர்த்தி, அவர்களுடைய துணையோடு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, தெருக்களில் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். 1544இல் தெலுங்கு பேசும் வடுகப் படையினரின் தாக்குதலுக்கு அஞ்சி மக்கள் குமரிமுனைப் பாறைகளில் பசியோடு ஒதுங்கியிருந்தபோது, மணப்பாட்டிலிருந்து தோணிகளில் உதவியோடு புறப்பட்டு, எதிர்க்காற்றால் திரும்ப நேர்ந்ததும் தரைவழியே நடந்து சென்றார். தூத்துக்குடியிலிருந்த போர்த்துக்கீசியத் தளபதியின் பேராசையைத் தம் கடிதங்களில் வன்மையாகக் கண்டித்தார். தம்மைக் காத்த அதிகாரத்தையே எதிர்த்துப் பேசும் இத்துணிவு மறைப்பணியாளருக்கு இன்றியமையாதது. எனினும் அவர் சில ஆண்டுகளிலேயே மலாக்காவுக்கும், பின்னர் ஜப்பானுக்கும் சென்றுவிட்டார்.

தங்கியவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். 1547இல் இக்கரைக்கு வந்த இவர், 1600இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இம்மக்களோடு வாழ்ந்தார். தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, அதன் இலக்கணத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். முன்பு அவசரமாக ஆக்கப்பட்ட தமிழ்ச் செபங்களில் இருந்த பிழைகளைத் திருத்தினார். புன்னைக்காயலில் மருத்துவமனை அமைத்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலே இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்ட முதல் நூலாகும். அச்சுப்பணிக்கு இக்கரைப் பரதவர்கள் பொருள் வழங்கினார்கள் என்பது, போதிக்கப்பட்டவர்களே பணியின் பங்காளிகளாக மாறியதைக் காட்டுகிறது.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் உட்பகுதியில், நற்செய்தியைப் பெற்றவர்கள் கொடுப்பவர்களாகவும் மாறினார்கள். திருச்செந்தூர் வட்டாரத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்த முயற்சியில் ஊழியர்களை அனுப்பிவந்ததை 1902இல் கண்டு, மறு ஆண்டு பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாவதற்குக் காரணமானார். இந்திய ஊழியர், இந்தியரின் காணிக்கை, இந்தியரின் நிர்வாகம் என்ற மூன்று அடித்தளங்களில் எழுந்த அச்சங்கம், நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல் வட்டாரத்துக்குத் தன் பணியைக் கொண்டு சென்றது. 1909இல் அசரியாவே குருப்பட்டம் பெற்று அங்கே சென்று, தெலுங்கு கற்று, சாதி அடுக்கின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்த மாலா, மாதிகா மக்களிடையே வாழ்ந்து பணியாற்றினார். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், வெளிநாட்டு மிஷனெரிகள் இந்தியரை நண்பர்களாக நடத்த வேண்டுமென்று கேட்ட அவர், 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பிறரிடம் கேட்ட நட்பைத் தாம் சென்ற மக்களுக்குக் கொடுக்கும் கடமையும் தமக்கு உண்டு என்பதை அவருடைய வாழ்வு மெய்ப்பித்தது.

4. இவ்வமைப்பின் நிலைப்பாடுகள்

(அ) மொழி. பணித்தளத்தின் மொழியை முழுநேரமாக ஓராண்டேனும் கற்காத எவரும் போதிக்கும் பொறுப்பில் அமர்த்தப்படலாகாது. அவருடைய தேர்ச்சியை அனுப்பிய அலுவலகம் அன்று, அவ்வூர் மக்களே மதிப்பிட வேண்டும்.

(ஆ) பந்தி. தம்மை அழைக்கும் எந்த வீட்டிலும் அமர்ந்து உண்ண மனமில்லாதவர் அனுப்பப்படத் தகுதியற்றவர். இவ்விதி அனுப்பும் சபைகளுக்கும் பொருந்தும். தனித் தெரு, தனிக் கல்லறை, தனி நிர்வாகம் என்று சாதியைக் காக்கும் சபை, தொலைவிலுள்ள மாநிலத்துக்கு எத்தனை ஊழியர்களை அனுப்பினாலும், கொர்நேலியுவின் வாசலை இன்னும் கடக்கவில்லை என்றே இவ்வமைப்பு கருதுகிறது.

(இ) காலம். சில நாள் சென்று, பொருள்களை வழங்கி, நிழற்படங்களோடு திரும்பும் பயணங்கள் ஆர்வத்தைத் தூண்டக்கூடும். எனினும் அவை மறைப்பணி என்ற பெயரில் கணக்கிடப்படலாகாது. நெடுங்காலம் தங்கும் ஊழியரைத் தாங்குவதே சபையின் காணிக்கையில் முதலிடம் பெற வேண்டும்.

(ஈ) மனச்சுதந்திரம். இந்திய அரசமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, ஒருவர் தம் சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை வழங்குகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்துள்ளது. சட்டம் இல்லாவிட்டாலும், உணவையோ மருந்தையோ கல்வியையோ மதமாற்றத்துக்கான விலையாக்குவது விருந்தாளியின் பண்புக்கும் நற்செய்திக்கும் எதிரானது என்பதால், உதவி எவருக்கும் நிபந்தனையின்றி வழங்கப்பட வேண்டும்.

(உ) அருகிலுள்ள எல்லைகள். தூத்துக்குடித் துறைமுகத்தில் நங்கூரமிடும் கப்பல்களில், பல மாதங்களாக வீட்டைப் பிரிந்த மாலுமிகள் வேலை செய்கிறார்கள். கரையிறங்கக் கிடைக்கும் சில மணி நேரத்தில் அவர்களுக்குத் தேவைப்படுவது, வீட்டாரோடு பேச ஒரு சிம் கார்டும், கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்ல ஒரு வண்டியும், அவர்கள் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் ஒருவருமே. நகரைச் சூழ்ந்த உப்பளங்களில், விடியுமுன்னே பாத்திகளில் இறங்கி உப்பு வாரும் பெண்களின் பாதங்கள் உப்புநீரில் வெடிக்கின்றன. வெண்ணிறத் தரையில் பட்டுத் தெறிக்கும் வெயில் அவர்களின் கண்களைப் பாதிக்கிறது. மழைக்காலத்தில் வேலையே இல்லை. வடமாநிலங்களிலிருந்து வந்து கட்டுமானங்களிலும் ஆலைகளிலும் உழைப்பவர்கள் இந்தியிலோ வங்காளத்திலோ ஒடியாவிலோ பேசுகிறார்கள். அம்மொழிகளில் ஒன்றைக் கற்கும் பங்குகளும் சேகரங்களும் மிகக் குறைவு. இவ்விடங்கள் யாவும் கோயில் மணி கேட்கும் தொலைவில் இருப்பதால், பயணச்செலவுக்குப் பணம் இல்லை என்பதையும் வேலை இருக்கிறது என்பதையும் காரணமாகச் சொல்லி எந்த விசுவாசியும் விலகிக்கொள்ள முடியாது.

(ஊ) அனுப்புவோரின் கடன். பழகிய வசதியைத் துறப்பது ஊழியரின் விருப்பக் காணிக்கை; அதை அவர்மீது சுமத்தி, ஊதியத்தைத் தாமதிப்பதும், பிள்ளைகளின் கல்வியையும் முதிய பெற்றோரின் மருத்துவத்தையும் முதுமைக்கால வாழ்வையும் விசுவாசத்தின் பெயரால் கைவிடுவதும் அநீதியாகும். இவற்றுக்கான பொருளை ஒதுக்கிய பின்னரே எந்தச் சபையும் ஒருவரை அனுப்ப வேண்டும்.

5. அழைப்பு

ஆகையால், இக்கடற்கரையின் ஒவ்வொரு பங்கும் சேகரமும் இவ்வாண்டுக்குள் மூன்று முடிவுகளை எடுக்குமாறு இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது: துறைமுகம், உப்பளம், வெளிமாநிலத் தொழிலாளர் குடியிருப்பு ஆகியவற்றில் ஒன்றைத் தன் நிலையான பொறுப்பாக ஏற்பது, அங்கே செல்லும் விசுவாசிகளுக்கு மொழிப்பயிற்சி அளிப்பது, தன் சபைக்குள்ளேயே சாதியால் பிரிக்கப்பட்ட பந்தியையும் கல்லறையையும் பொதுவாக்குவது. இம்மூன்றையும் செய்யத் துணியும் சபையிலிருந்து புறப்படும் ஊழியர், தோர்ணக்கல் போன்ற தொலைவிடத்துக்குச் சென்றாலும், எவரையும் தமக்குக் கீழாக எண்ணாமல் அங்குள்ள மக்களோடு வாழ்வார். அத்தகைய ஊழியரை உருவாக்காத சபை, அவரை அனுப்பும் தகுதியை இன்னும் பெறவில்லை.