நாவில் எழுதியது வேலா, சாதகமா?

அருணகிரிநாதர் திருவண்ணாமலைக் கோபுரத்தின் மேலிருந்து குதித்தாராம். முருகன் கையில் தாங்கினானாம். வேலால் நாவில் எழுதினானாம். உடனே பாட்டு பிறந்துவிட்டதாம். மலையைச் சுற்றி அடி அண்ணாமலை வழியாய் நடக்கின்ற ஜனங்களுக்கு இன்றும் இக்கதை சொல்லப்படுகின்றது. சீர்காழிக் குழந்தை ஞானப்பால் குடித்துப் பாடிய கதை இதற்கு அண்ணன்.

"இக்கதையால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் இரண்டு. முதலாவது, பாடினவனுடைய பாட்டைத் திருடி வேலுக்குக் கொடுத்துவிடுவது. குறில் எங்கே, நெடில் எங்கே, வல்லெழுத்து எங்கே என்று கணக்குப் பிசகாமல் ஓடுகின்ற திருப்புகழ்ச் சந்தம் தமிழும் தாளமும் பாடுபட்டுக் கற்றவன் வேலையா, குதித்து எழுந்தவன் வேலையா? இரண்டாவது, "சாரீரம் சாமி கொடுப்பது, அது அந்த ஜாதிக்கு உள்ளது, நமக்கேது?" என்று நமது பிள்ளைகள் வாயைத் திறக்கு முன்பே மூடிக்கொள்வது.

சாரீரம் என்பது என்ன? குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு சவ்வு மடிப்புகள் மூச்சுப் பட்டு அதிர்வது. பேசும்போது ஆணுக்கு வினாடிக்குச் சுமார் 120 தடவையும், பெண்ணுக்குச் சுமார் 200 தடவையும் அதிரும். ஆளுக்கு ஆள் குரல் வேறுபடும் என்பது வாஸ்தவம். ஆனால் பூணூல் போட்ட சவ்வு, போடாத சவ்வு என்று எந்த வைத்தியராவது கண்டதுண்டா?

பாட வேண்டுகிறவனுக்கு அருள் வேண்டாம். கூடச் சாதகம் பண்ண ஒரு கூட்டாளி வேண்டும். ஏனெனில் ஒருவன் தன் குரலைப் பிறர் கேட்கிறபடி கேட்க முடியாது. அது காற்று வழியாக மட்டுமின்றி மண்டை எலும்பின் வழியாகவும் அவன் காதுக்கு வருகின்றது. செல்போனில் பதிந்து கேட்டால், "இதுவா என் குரல்?" என்று அவனே திகைக்கிறான். செல்போன் பாடி முடித்த பிறகு சொல்லும். கூட்டாளியோ பிசகின இடத்திலேயே நிறுத்துவான்.

இருவர் சுருதிப்பெட்டியுடன் உட்காரட்டும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை ஒருவர் மூன்று காலத்திலும் பாட, மற்றவர் தாளம் போடட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும். மேல் ஸட்ஜத்தில் தொண்டை இறுகுகிறதா, மூச்சு முடியும்போது சுருதி இறங்குகிறதா என்று ஒருவரையொருவர் கவனிக்கட்டும். பின் இருவரும் ஒரே ஸட்ஜத்தை அகாரமாய் நீட்டட்டும். வினாடிக்கு 2 அதிர்வு வித்தியாசமிருந்தால் ஓசை வினாடிக்கு 2 தடவை பெருத்துச் சிறுக்கும். சேர்ந்துவிட்டால் அந்த அலை அடங்கிவிடும். இதைத் தெரிந்துகொள்ள அர்ச்சகர் வேண்டுமா, ஜோசியர் வேண்டுமா?

ஆலத்தூர் சகோதரர்கள் என்று பேர் பெற்ற சீனிவாசய்யரும் சிவசுப்பிரமணிய அய்யரும் உடன்பிறந்தவர்களல்ல. பின்னவரின் தகப்பனார் வெங்கடேசய்யரிடம் ஒன்றாய்ப் பயின்றவர்கள். சகோதரர்கள் என்னும்படி அவர்கள் குரலைச் சேர்த்துவைத்தது பிறவியா, சாதகமா?

திருவண்ணாமலையில் அரசு இசைப்பள்ளி இருக்கின்றது. அடி அண்ணாமலைத் தோழர்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பட்டும். அனுப்புவதானால் ஊருக்குள் ஒருவரும் சேரியில் ஒருவருமாய், ஆணும் பெண்ணுமாய் ஜோடி சேர்த்து அனுப்பட்டும். வீடு திரும்பின பிறகும் அவர்கள் ஒரே பாயில் உட்கார்ந்து சாதகம் பண்ணட்டும். அதற்குத் தங்கள் வீட்டுத் திண்ணையைக் கொடுக்க முன்வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதே நாம் கேட்கும் கேள்வி.