ஆண் நடித்தால் கலை, பெண் நடித்தால் இயல்பா?

ஐதராபாத் ரவீந்திர பாரதி அரங்கில் சுரபி நாடகக் குழுவினர் ‘மாயாபஜார்’ நிகழ்த்தும்போது, கம்பியில் பறந்து வரும் அம்புகளையும் கண்ணிமைக்கும் நேரத்தில் மாறும் திரைச்சீலைகளையும் கண்டு நகரத்து ரசிகர்கள் வியக்கிறார்கள். 1885இல் கடப்பா மாவட்டத்தின் சுரபி கிராமத்தில் வனாரச கோவிந்தராவ் ‘கீசக வதம்’ நாடகத்துடன் தொடங்கிய மரபு அது. அதன் வாரிசுகளில் பலர் இன்று மாநகரின் மேற்கு ஓரத்தில், சேரிலிங்கம்பள்ளியின் சுரபி காலனியில் வாழ்கின்றனர். ‘பாரம்பரியம்’, ‘மரபுச் செல்வம்’ என்று இக்குழுவைப் புகழ ஆட்சியாளர்களும் பண்பாட்டுக் காவலர்களும் தவறுவதில்லை.

இம்மரபைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. தெலுங்கின் முதல் பேசும் படமான ‘பக்த பிரகலாதா’வில் நடித்த சுரபி கமலாபாய், 1907இல் நாடக மேடையிலேயே பிறந்தாராம். நிறைமாதக் கர்ப்பிணியான தாய் வேடமிட்டு நடித்துக்கொண்டிருந்தபோதே வலி கண்டதாம். குழந்தை பிறந்ததறிந்த கூட்டம் நாணயங்களை வாரி இறைத்ததாம். கலைப்பற்றின் சான்றாகவே இக்கதை நூறாண்டாகச் சொல்லப்படுகிறது. நிறைமாதத்திலும் ஒரு பெண் அரிதாரம் பூசி மேடையேற நேர்ந்தது ஏன் என்று கேட்பவர் அரிது. கதை உண்மையோ புனைவோ, அதைச் சொல்லி மகிழும் மனம் உண்மை. பெண்ணின் உழைப்பு அங்கே உழைப்பாகத் தெரிவதில்லை. அது அவளுடைய இயல்பாகவே கருதப்படுகிறது.

இரண்டு அளவுகோல்கள்

நவீன இந்திய நாடகம் பெண்ணுக்கு இழைத்த அநீதியின் வேர் இதுதான். ஆண் பெண்ணாக நடித்தால் அது கலை. பெண் பெண்ணாக நடித்தால் அது இயல்பு. அத்துடன் அவளது ஒழுக்கத்தின் மீது ஓர் ஐயமும் சேர்ந்துகொள்ளும்.

சத்யபாமாவாகத் தெலுங்கு மேடையை ஆண்ட ஸ்தானம் நரசிம்மராவுக்கு 1956இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மராத்தி மேடையின் பெண் வேடங்களில் புகழ்பெற்ற பால கந்தர்வருக்கு 1964இல் பத்மபூஷண் கிடைத்தது. புனேயில் அவர் பெயரில் அரங்கமும் எழுந்தது. தமிழகத்தில் ஔவையாராக நடித்த தி. க. சண்முகம் ‘அவ்வை சண்முகம்’ ஆனார். சென்னையின் லாயிட்ஸ் சாலை அவர் பெயரைத் தாங்குகிறது. இம்மூவரின் திறமையையும் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை. கேள்வி வேறு. அதே காலத்தில் அதே வேடங்களை ஊர் ஊராக ஏற்று நடித்த பெண்களில் எத்தனை பேருக்கு ஒரு தெருவேனும் பெயர் தாங்குகிறது?

‘அந்தக் காலத்தில் பெண்கள் நடிக்க முன்வரவில்லை, எனவே ஆண்கள் நடித்தார்கள்’ என்பது வழக்கமான விடை. வரலாறு இதை மறுக்கிறது. பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்பது சுரபியின் தொடக்க கால மரபு. கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட நாடகக் கம்பெனியைத் தாமே நடத்தினார். பெண்கள் இருந்தார்கள், ‘கௌரவமான’ மேடையில்தான் அவர்களுக்கு இடமில்லை. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் முதலானோர் நிறுவிய சுகுண விலாச சபையில் பெண் வேடங்களை ரங்கவடிவேலு போன்ற ஆண்களே ஏற்றனர். தேவதாசி மரபினரோடு மேடையைப் பகிர்வது படித்த வர்க்கத்தின் மதிப்புக்கு இழுக்கென்று கருதப்பட்ட காலம் அது. பெண்ணை விலக்கியதில் ஆணாதிக்கத்தோடு சாதியும் வர்க்கமும் கைகோத்து நின்றன.

இது இந்தியாவின் தனிக்குணமும் அன்று. இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில் 1660 வரை பெண்களுக்கு இடமில்லை. ஷேக்ஸ்பியரின் டெஸ்டிமோனாவும் கிளியோபாட்ராவும் சிறுவர்களின் உடலில்தான் முதலில் உயிர்பெற்றனர். அதே பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையில் ரங்காஜம்மா என்ற பெண் ‘மன்னாருதாச விலாசம்’ என்னும் தெலுங்கு யட்சகானத்தை இயற்றினார். அங்கே பெண் நாடகமே எழுதினாள். ஆனால் அவள் எழுதியது தன்னை ஆதரித்த அரசனின் காதல் கதையை. எழுதுகோல் கிடைத்தது, பொருளைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடைக்கவில்லை. நிலவுடைமைச் சமூகம் பெண்ணின் அறிவை அங்கீகரித்தபோதும் அரண்மனை அலங்காரமாகவே அங்கீகரித்தது.

யாருடைய மானம்?

நாடகப் பிரதிகளும் இதே கதையைச் சொல்கின்றன. 1892இல் விஜயநகரத்தில் மேடையேறிய குரஜாட அப்பாராவின் ‘கன்யாசுல்கம்’ சிறுமிகளை விலைக்கு விற்கும் கொடுமையைச் சாடியது. அதில் சுற்றியுள்ள ஆண்கள் அனைவரையும்விடக் கூர்மையான மதி படைத்தவள் மதுரவாணி என்னும் கணிகை. அந்த வகையில் அது காலத்தை மீறிய படைப்பு. ஆயினும் அந்த மதுரவாணியும் மேடையில் பெரும்புகழ் பெற்றது ஸ்தானம் நரசிம்மராவ் என்ற ஆணின் நடிப்பில்தான்.

பின்னர் வந்த கள்ளகூரி நாராயணராவின் ‘சிந்தாமணி’யும் கணிகை ஒருத்தியை மையமாகக் கொண்டது. சீர்திருத்த நோக்கில் எழுதப்பட்ட நாடகம். காலப்போக்கில் மேடையில் கொச்சை வசனங்கள் சேர்ந்து, கணிகையின் வீடு சிரிப்புக்குரிய இடமாயிற்று. நூறாண்டுகள் யாருக்கும் மனம் புண்படவில்லை. 2022 ஜனவரியில் ஆந்திரப் பிரதேச அரசு அந்நாடகத்தைத் தடை செய்தது. காரணம் பெண் இழிவுபடுத்தப்பட்டது அன்று. சுப்பிசெட்டி என்ற ஆண் பாத்திரம் தங்கள் சமூகத்தை இழிவுபடுத்துவதாக வணிகச் சமூகம் ஒன்று புகார் கூறியதுதான். நாடகங்களைத் தடை செய்வது எந்நாளும் தீர்வாகாது. ஆனால் அரசின் தராசில் எது எடை பெறுகிறது, எது பெறுவதில்லை என்பதை அந்த ஆணை வெளிச்சமிட்டுக் காட்டியது. மானம் என்பது சாதிக்கு உண்டு, வணிகனுக்கு உண்டு; மேடையில் நின்ற பெண்ணுக்கு மட்டும் இல்லை.

அடுக்களையும் அரங்கும்

சுரபியில் குடும்பமே கம்பெனி. இதைப் போற்றாதவர் இல்லை. ஆனால் குடும்பமே உற்பத்திக் கூடமாகும்போது பெண்ணின் கூலி முற்றாக மறைந்துவிடுகிறது. மாலையில் சமைப்பவளும், குழந்தைக்குப் பாலூட்டுபவளும், உடைகளை ஒழுங்கு செய்பவளும், இரவில் திரௌபதியாக நிற்பவளும் ஒருத்தியே. வீட்டுவேலை சமூக உற்பத்தியிலிருந்து பிரிக்கப்பட்டதால் பெண்ணின் நிலை தாழ்ந்தது என்று எங்கெல்ஸ் காட்டினார். இங்கே பிரிவினைகூட இல்லை. இரண்டையும் ஒருத்தியே செய்தாள், இரண்டுக்கும் தனிக் கணக்கு எழுதப்படவில்லை. குழுவின் பெயரும் வரவும் உரிமையும் பெரும்பாலும் குடும்பத்து ஆண்களிடமே நின்றன. 2013இல் சுரபி மரபின் நாகேஸ்வரராவுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது பெருமைக்குரியது. அந்தப் பெருமையில் அவ்வீடுகளின் பெண்களுக்கு உள்ள பங்கைச் சொல்லாமல் விடுவதுதான் குறை.

முற்போக்கு இயக்கமும் இவ்விடத்தில் தன்னைத் தானே விசாரித்துக்கொள்ள வேண்டும். பிரஜா நாட்டிய மண்டலி ‘மா பூமி’யை ஊர்தோறும் கொண்டு சென்றது, தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் மல்லு ஸ்வராஜ்யம் போன்றோர் பாடியும் களம் கண்டும் மக்களைத் திரட்டினர். ஆனால் 1986இல் ஸ்திரீ சக்தி சங்கட்டனா தோழர்கள் அப்போராட்டப் பெண்களின் வாய்மொழிகளைத் தொகுத்து வெளியிட்ட நூலுக்கு வைத்த பெயரின் பொருள், ‘நமக்குத் தெரியாத நமது வரலாறு’. போராட்டம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புமாறு சொல்லப்பட்ட வேதனை அவ்வாய்மொழிகளில் பதிவாகியுள்ளது. பிற்போக்காளரை நோக்கி நீளும் விரல் அவ்வப்போது உள்நோக்கியும் திரும்பட்டும், அது பலவீனமல்ல.

கோரிக்கைகள் எளியவை. நாடகக் கலைஞர் ஓய்வூதியமும் அடையாள அட்டையும் குடும்பத் தலைவர் பெயரில் அல்ல, ஒவ்வொரு பெண் கலைஞர் பெயரிலும் தனித்தனியே வழங்கப்பட வேண்டும். அரசு நிகழ்ச்சிகளுக்கான ஊதியம் குழுவுக்கு மொத்தமாக அல்லாமல் நடிப்பவர் ஒவ்வொருவரின் கணக்கிலும் சேர வேண்டும். முதிய நடிகையரின் நினைவுகள் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்யப்பட்டு, பாடநூல்களில் இடம்பெற வேண்டும்.

1907இல் அந்த மேடையில் வீசப்பட்ட நாணயங்கள் அன்பளிப்பு. பெண்ணின் உழைப்புக்கு அன்பளிப்பு போதும் என்று நினைத்த காலம் முடிய வேண்டும். அவளுக்குச் சேர வேண்டியது கூலி. கூலியோடு அவள் பெயர்.