தண்ணீருக்குப் போட்ட கணக்கு

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடச் சொன்னார் ஆண்டவர் (லூக் 14:28). திருப்பூரிலும் கணக்குப் போட்டுத்தான் தொடங்கினார்கள். சாயப்பட்டறைகள் லாரித் தண்ணீரை நம்பியிருந்த காலம் அது. பவானி அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவர, சுமார் 1,000 கோடி ரூபாயில், தனியார் பங்கேற்புடன் திட்டம் உருவானது. பட்டறைகள் கூடுதல் விலை கொடுக்கும். அதனால் ஊராருக்குக் குறைந்த விலையில் குடிநீர் கிடைக்கும். நல்ல எண்ணம்தான்.

ஆனால் உள்ளே வரும் தண்ணீரை எண்ணிய அளவுக்கு, சாயத்தோடு வெளியேறும் தண்ணீரை நாம் எண்ணவில்லை. அது நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையாலேயே பயிர் கெட்டது. விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. காவிரித் தண்ணீரை வாங்க ஆளில்லை! பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறையோடு பட்டறைகள் திறந்தபோது, புதிய தண்ணீரின் தேவையே குறைந்துவிட்டது.

பட்டறை மூடிய மாதங்களில் லைன் வீட்டு வாடகையை யார் கொடுத்தார்கள்? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோதும் நாம் ஏற்றுமதிக் கோடிகளைத்தான் பேசினோம். பீஸ் ரேட் தொழிலாளியின் சனிக்கிழமைச் சம்பளத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.