வெட்டுதல் கூறாக்கம் ஆகுமா?

பெரியதொரு மென்பொருளைப் பல துண்டுகளாக வெட்டிவிட்டால் கூறாக்கம் முடிந்தது என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. இது தவறானது, தீங்கானதுமாகும். எந்தக் கூறு எதனைச் சார்ந்து நிற்கலாம், எதன் உள்ளமைப்பு பிறருக்கு மறைக்கப்பட வேண்டும் என வரையறுப்பதே கூறாக்கம். டேவிட் பார்னஸ் 1972இலேயே இதனைத் தெளிவுறுத்தினார்.

யாவாவின் வரலாறு தக்க சான்று. 1996இல் வெளிவந்த அத்தளத்தில், நூலகத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கெனத் திறந்துவிட்ட வகுப்பு உலகம் முழுவதற்கும் திறந்ததாயிற்று. உள்ளறைகளைத் தொடாதீர் என்ற எச்சரிக்கை இருந்தது; கதவு இருக்கவில்லை. விரைவை நாடிய செய்நிரலாளர் உள்ளே புகுந்தனர். பெயர்பெற்ற நூலகங்கள் பல அவ்வுள்ளறைகளை நம்பியே எழுந்தன.

இதனைச் சீரமைக்க 2008இல் 'ஜிக்சோ' திட்டம் தொடங்கிற்று. ஏழாம் பதிப்புக்கு எண்ணப்பட்டது எட்டுக்கும், பின்னர் 2012இல் ஒன்பதுக்கும் தள்ளப்பட்டது. 2017 மே மாதத்தில் நிறைவேற்றுக் குழு அதனை 13க்கு 10 என்ற வாக்குகளால் நிராகரித்தது, ஜூனில் ஏற்றது, செப்டெம்பரில் அது வெளிவந்தது.

"வெட்டுவதற்கு ஒன்பது ஆண்டுகளா?" என எள்ளுவோர் உளர். இடையில் நிறுவனம் கைமாறியது உண்மையே. ஆயினும் முடிச்சுகளை அவர்கள் கண்டிலர். நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் சிறு பகுதிகூட, வேறொரு பகுதியின் வழியாக, திரைக்காட்சிகளை ஆளும் பெரும் பகுதியோடு பிணைந்து கிடந்தது. அப்பிணைப்பை அறுக்கச் சில செயற்கூறுகளையே நீக்க நேர்ந்தது.

"இயங்கும் செய்நிரலை முறிக்காதீர்" என்போரின் குரலில் நியாயம் உண்டு. ஆனால் அந்நியாயம் மதிலை மறுப்பதற்கு உரிமை தராது; அவகாசம் கேட்பதற்கே உரிமை தரும். அவ்வவகாசம் அளிக்கப்பட்டது. 2017இல் அத்துமீறலுக்கு எச்சரிக்கை; 2021இல் பதினாறாம் பதிப்பில் இயல்பான மறுப்பு; அதே ஆண்டு பதினேழாம் பதிப்பில் பொதுவான சலுகையும் நீங்கிற்று. மாற்று வழி அமையாத சில உள்ளறைகள் மட்டும் திறந்தே விடப்பட்டன. திட்டமிடல் என்பது இதுவே.

முதல் நாளில் எழுப்பாத மதிலுக்கான கூலியைப் பின்வந்தோரே செலுத்தினர். நாம் எழுதும் செய்நிரலுக்கும் பின்வருவோர் உண்டு. அவர்கள் தலையில் நம் சோம்பலைச் சுமத்துவதற்கு நமக்கு என்ன உரிமை?