இன்ஷூரன்ஸ் போலீஸ்காரருக்காக அல்ல!



தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இன்று நம்மவர்கள் கையில் வண்டி இருக்கிறது. இட்லிக்காரர் ஸ்கூட்டரில் போகிறார். நம் பையன்கள் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். சேட்டின் டெம்போவை ஓட்டிப் பிழைப்பவர்கள் உண்டு. சொந்தமாக ரிக்ஷா வாங்கியவர்களும் உண்டு. தலைச்சுமையாகச் சுமந்தவர்களின் பிள்ளைகள் வண்டியோட்டுகிறார்கள் என்றால் நமக்குப் பெருமைதான்.

ஆனால் சங்கக் கூட்டத்தில், "உங்கள் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டால் சிரிப்புதான் பதிலாக வருகிறது. "பிடித்தால் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே, நாக்காவில் ஹவல்தார் கையில் ஏதாவது வைத்தால் தீர்ந்தது" என்கிறார்கள். இந்தப் பேச்சை நாம் விட்டொழிக்க வேண்டும். இது ஹவல்தாருக்கும் நமக்கும் உள்ள விவகாரமே அல்ல.

முதலில் தண்டனை என்ன என்று பார்ப்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது. மீறினால் 196ஆம் பிரிவு பாயும். முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000 ரூபாய். சிறைத் தண்டனை அதேதான். 2019இல் சட்டத்தைத் திருத்திய பிறகு வந்த தொகைகள் இவை. இந்தக் கட்டாயம் நேற்று முளைத்ததும் அல்ல. பழைய 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1946 முதலே இருந்து வருகிறது.

2,000 ரூபாய் நமக்குச் சிறிய தொகை அல்ல. ஆனால் பெரிய அடி அதுவல்ல.

ரயில்வே கவுண்டரில் டிக்கெட் கொடுக்கும் எங்களுக்கு ஒன்று தெரியும். டிக்கெட் இல்லாமல் ஏறியவன் மாட்டினால் அபராதம் கட்டுகிறான். விவகாரம் அவனோடு முடிகிறது. இன்ஷூரன்ஸ் அப்படி அல்ல. அது நம் பயணத்துக்கு வாங்கும் சீட்டு அல்ல. நம் சக்கரத்தின் முன்னால் வந்துவிடக் கூடிய மனிதருக்காக நாம் முன்கூட்டிக் கட்டி வைக்கும் பணம். அந்த மனிதர் யார்? காரில் போகிற முதலாளியா? பெரும்பாலும் நடந்து போகிற கூலிக்காரர், சைக்கிளில் வரும் பால்காரர், குழாயடிக்குக் குடத்தோடு போகும் நம் வீட்டுப் பெண்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 வயதுத் தொழிலாளி ஒருவர். மாதம் 15,000 ரூபாய் கூலி. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நான்கு பேர் அவரை நம்பியிருக்கிறார்கள். வண்டி மோதி அவர் இறந்துபோகிறார். தவறு வண்டியோட்டி மேல் என்று முடிவாகிறது. 2009இலும் 2017இலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, எதிர்கால வருமான உயர்வுக்காகக் கூலியோடு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்குரிய எண் 17. பெருக்கினால் 32 லட்சத்து 13 ஆயிரம் ரூபாய்! ஈமச் செலவு முதலானவை இதற்கு மேல்.

இன்ஷூரன்ஸ் இருந்தால் இந்தத் தொகையைக் கம்பெனி கொடுக்கும். இல்லாவிட்டால் ஓட்டியவரும் உரிமையாளருமே கொடுக்க வேண்டும். பணம் இல்லை என்று கையை விரித்தால் விடுவார்களா? 174ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பலாம். கலெக்டர் நிலவரி பாக்கியைப் போல அதை வசூல் செய்வார். மும்பையில் நடந்த விபத்து, திருநெல்வேலிச் சீமையில் அப்பா விட்டுப்போன வீட்டுக்கும் வயலுக்கும் வந்து சேரும். வண்டியும் லேசில் திரும்பாது. விபத்தில் சிக்கிய இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியை, உரிமையாளர் ஈடு காட்டாமல் விடுவிக்கக் கூடாது என்று விதி செய்யும்படி 2018இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

இத்தனையும் நடந்த பிறகும், செத்தவர் வீட்டுக்கு அந்த 32 லட்சம் போய்ச் சேருமா? சேராது. நம்மிடம் இருந்தால்தானே சேரும்! ஓர் ஏழைக் குடும்பம் கடனில் மூழ்க, இன்னோர் ஏழைக் குடும்பம் தெருவில் நிற்கும். இதைத்தான் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"வயிற்றுக்கே போதவில்லை, இதற்கு எங்கே போவது?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயம். 2022 ஜூன் 1 முதல் அமலான விகிதப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஆண்டுக்கு 714 ரூபாய்; வரி தனி. நாளொன்றுக்கு 2 ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. ஒரு கட்டிங் சாயா விலைகூட இல்லை.

பலர் வேண்டுமென்றே கட்டாமல் இருப்பதில்லை, தெரியாமல் இருக்கிறார்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புதிதாக விற்கும் இருசக்கர வண்டிக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் சேர்த்தே தருகிறார்கள். ஷோரூமில் தந்த காகிதம் ஆயுளுக்கும் போதும் என்று நினைத்தவர்களின் பாலிசி எப்போதோ செத்துப்போயிருக்கும். இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

பழைய வண்டியை விற்றவர்களும் கவனிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தால் போதாது. பெயரை மாற்றாவிட்டால், முகம் தெரியாத நான்காவது ஆள் செய்யும் விபத்துக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி முதலாளிகள் விஷயம். 196ஆம் பிரிவு ஓட்டுபவரை மட்டும் பிடிப்பதில்லை. ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் பிடிக்கிறது. சம்பளத்துக்கு ஓட்டும் தொழிலாளிக்கு 146ஆம் பிரிவிலேயே ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: பாலிசி இல்லை என்று அவருக்குத் தெரியாமலும், அப்படி நினைக்கக் காரணம் இல்லாமலும் இருந்தால் அவர் குற்றவாளி அல்ல. ஆனால் நடப்பது என்ன? டெம்போ பிடிபட்டால் சேட், "டிரைவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்" என்கிறார். லாபம் அவருக்கு, அபராதம் நமக்கா? வேலைக்குச் சேரும் அன்றே பாலிசியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் சங்கத்தோடு வந்து கேளுங்கள்.

அடிபட்டவர் நம்மவரானால் செய்ய வேண்டியதும் உண்டு. 166ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம். கணவனை மும்பை ரோட்டில் பறிகொடுத்து ஊர் திரும்பிய பெண், திருநெல்வேலியிலிருந்தே இழப்பீடு கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். 2022 ஏப்ரல் முதல் 6 மாதக் கெடு வந்திருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அதை நம்பித் தாமதிக்காமல் கெடுவுக்குள் மனுப் போடுவதே புத்தி.

அரசாங்கத்திடமும் நமக்குக் கேள்வி உண்டு. மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டால் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் என்று அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. வண்டி தெரிந்தும் அதற்கு இன்ஷூரன்ஸ் இல்லை, உரிமையாளரிடம் காசும் இல்லை என்றால் முழு இழப்பீட்டை யார் கொடுப்பது? அரசு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும். அபராதம் வசூலிப்பதில் காட்டும் சுறுசுறுப்பை இதிலும் காட்டட்டும். இதை நாம் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

ஆனால் கோரிக்கை வைப்பவர்களின் சொந்த வண்டிக்குப் பாலிசி இருக்க வேண்டுமல்லவா? அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் வண்டியின் ஆர்.சி.யையும் பாலிசியையும் கொண்டுவாருங்கள். முடியும் தேதியைச் சங்கத்தின் நோட்டில் எழுதி வைப்போம்; ஒரு மாதம் முன்பே நினைவுபடுத்துவோம். ஒரே தடவையில் கட்ட முடியாதவர்கள் மாதம் 60, 70 ரூபாயாகச் சங்கத்தில் சேர்த்து வாருங்கள். சீட்டுப் பிடித்துக் கல்யாணம் நடத்தத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியம் அல்ல.