மேஜர் சாரோட ஈக்கோ!

‘மாருதி ஈக்கோ, 2019 மாடல், சிங்கிள் ஓனர், 31,000 கி.மீ., விலை 1,30,000. டிரான்ஸ்ஃபர் ஆகிடுச்சு, அவசர விற்பனை!’

இப்படி ஒரு விளம்பரத்தை மொபைல்ல பார்த்தா நாம என்ன பண்ணுவோம்? ‘ஹூம்...’னு ஒரு பெருமூச்சு. அப்புறம் பொன்னேரி ஸ்டேஷன்ல சென்ட்ரல் லோக்கலைப் பிடிக்க ஓட்டம். ஆனா, என் கிளாஸ்மேட்டோட அண்ணன் போன் போட்டுட்டார்.

பழவேற்காடு பக்கம் ஒரு குப்பம் அவங்களுக்கு. ஏரியில கிடைக்கிற இறாலையும் நண்டையும் அவங்க அம்மா கூடையில வெச்சு, பஸ்லயும் ஷேர் ஆட்டோலயும் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டு வர்றாங்க. ஐஸ் தண்ணி சொட்டுதுன்னு கூடையை ஏத்த விடாத நாளும் உண்டு. சொந்தமா ஒரு பழைய வண்டி இருந்தா தேவலைன்னு மகளிர் குழுவுல கடன் எடுத்து வெச்சிருந்தாங்க. அன்னிக்கு அண்ணனுக்குப் பாடு இல்லாத நாள். சும்மா உட்கார்ந்து மொபைலைத் தள்ளிட்டு இருந்தவர் கண்ணுல இந்த ஈக்கோ பட்டுச்சு.

எதிர்முனையில பேசினவர் மரியாதைன்னா அப்படி ஒரு மரியாதை! பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். தான் ராணுவத்துல மேஜர், சென்னை ஏர்போர்ட்ல டியூட்டி, திடீர்னு காஷ்மீருக்கு மாத்திட்டாங்க, அதான் இந்த விலைன்னார். கேட்காமலேயே அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, யூனிஃபார்ம் போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்ல வந்து விழுந்துச்சு. (மேஜர் சாருக்கு எதுக்கு ஈக்கோன்னு யாருக்கும் தோணலை!)

“வண்டியைப் பார்க்க வரலாமா சார்?”

“கேம்ப் உள்ளே இருக்கு, சிவிலியனை விட மாட்டாங்க. மிலிட்டரி டிரான்ஸ்போர்ட்ல உங்க வீட்டுக்கே அனுப்பறேன். பார்த்துட்டு, பிடிச்சா மீதிப் பணம் குடுங்க. கேட் பாஸுக்கு மட்டும் 5,100 இப்போ போடுங்க. திரும்பக் கிடைக்கிற பணம்தான்.”

போட்டார். மறுநாள் வண்டி கிளம்பிடுச்சுன்னு ஒரு லாரி போட்டோ. பாதி வழியில ‘இன்ஷூரன்ஸ் க்ளியரன்ஸ்’ 12,600. அதையும் போட்டார். அடுத்து ‘ஜி.எஸ்.டி.’ன்னு 21,000 கேட்டப்போதான் தம்பிகிட்ட சொல்லியிருக்கார். ஆக மொத்தம் 17,700 ரூபாய். குழுவுக்கு வாராவாரம் தவணை கட்டறது அம்மா.

இதுல கொக்கி எங்கேன்னு பாருங்க. முதல்ல 1,30,000 கேட்டா எவனும் தர மாட்டான். 5,100-னா, ‘போனா போகுது’ன்னு தோணும். போட்ட பிறகு, அதைக் காப்பாத்த 12,600. அப்புறம் 17,700-ஐக் காப்பாத்த 21,000. விக்கிறது காரே இல்ல பாஸ், நாம ஏற்கெனவே குடுத்த காசைத்தான் நமக்கே திரும்பத் திரும்ப விக்கிறாங்க!

இது ஏதோ ஒரு தனி ஆள் வேலைன்னு நினைச்சுடாதீங்க. 2023 ஏப்ரல்ல ஹரியானாவின் நூ மாவட்டத்துல சுமார் 5,000 போலீஸார் ஒரே ராத்திரியில 14 கிராமங்களைச் சுத்தி வளைச்சு சோதனை போட்டாங்க. சைபர் மோசடிக் கும்பல்களைப் பிடிக்கத்தான் அத்தனை பேர். பழைய பொருள் விக்கிற தளங்கள்ல போலி விளம்பரம் போடறதும் அந்தக் கும்பல்களோட முக்கியமான தொழில். பக்கத்துல ராஜஸ்தானின் பரத்பூர் பகுதியும் இதுக்குப் பேர் போனது. யூனிஃபார்மைப் பார்த்தா சந்தேகப்படக் கூச்சப்படுவோம்கிறதை நல்லாப் படிச்சு வெச்சிருக்காங்க.

நிஜமான ராணுவ வீரர் தன் சொந்தக் காரை வித்தாலும் நம்ம பக்கத்து வீட்டு மாமா விக்கிற மாதிரிதான். அதே ஆர்.சி., அதே ஃபார்ம் 29, ஃபார்ம் 30. மிலிட்டரி லாரியில டோர் டெலிவரி எல்லாம் கிடையாது. அதனால, வண்டி முன்னாடி நின்னு, ஆர்.சி.யில பேர் இருக்கிற ஆளை நேர்ல பார்க்கிற வரைக்கும் பத்து பைசா கூட நகரக் கூடாது. விளம்பர போட்டோவைக் கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்க. அதே வண்டி லக்னோவுலயும் கோவையிலயும் ‘அவசர விற்பனை’க்கு நின்னா, கதை முடிஞ்சது. இன்னொண்ணு, பணம் வாங்கறதுக்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்ல. ‘ரிஃபண்ட் அனுப்பறேன், பின் போடு’ன்னா, போகப்போறது உங்க காசு.

பணம் போயிடுச்சா? உடனே 1930-க்கு போன் பண்ணணும். அடுத்தடுத்த அக்கவுன்ட்டுக்கு அது தாவறதுக்குள்ள முடக்க முடிஞ்சா மீட்க வாய்ப்பு இருக்கு. நம்ம அண்ணன் பண்ணினது நாலு நாள் கழிச்சு. ஊர்ல சிரிப்பாங்களேன்னு வெட்கம். மோசடிக்காரனுக்கு இதைவிட பெரிய உதவி வேற யாரும் பண்ண முடியாது. வீட்ல யாராவது தலையைத் தொங்கப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தா, ‘உனக்கு அறிவிருக்கா’ன்னு கேட்கறதை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல போன்.

சரி, நிஜமாவே வண்டி இருக்கு, ஓனரும் இருக்கார்னு வைங்க. அப்பவும் வேலை இருக்கு. எம்பரிவாகன் ஆப்ல நம்பரைத் தட்டினா பதிவான தேதி, இன்ஷூரன்ஸ், கடன் பாக்கி இருந்தா ஃபைனான்ஸ் விவரம் எல்லாம் தெரியும். கடன் முடிஞ்சதுன்னு வாயால சொன்னா போதாது, பேங்க்கோட என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் கையில வரணும். வண்டியில இருக்கிற சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க.

இப்போ மெக்கானிக்கல் பையன் பேசறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துலயும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் சென்னையில எத்தனையோ கார்கள் மூழ்கிச்சு. அதுல சிலது பளபளன்னு பாலீஷ் போட்டு மார்க்கெட்டுக்கு வந்துடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேறு படிஞ்ச கோடு அங்கேதான் ஒளிஞ்சிருக்கும். ஸ்டெப்னி வைக்கிற குழியையும் தடவிப் பாருங்க. 31,000 கி.மீ.தான் ஓடினதுன்னு சொல்றவரோட பிரேக் பெடல் ரப்பர் மொழுமொழுன்னு தேய்ஞ்சிருந்தா, மீட்டரைப் பின்னாடி சுத்தியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம். டயர்ல நாலு இலக்கத்துல ஒரு எண் இருக்கும். 2319-னா, 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர்.

அப்புறம், நம்ம ஏரியா ஸ்பெஷல் ஒண்ணு இருக்கு. உப்புக் காத்து! ஏரி ஓரம் நாலஞ்சு வருஷம் நின்ன வண்டி மேலே மாப்பிள்ளை மாதிரி இருக்கும், அடியில அரிச்சிருக்கும். வெயில் நேரத்துல போய், ஒரு சாக்கை விரிச்சுப் படுத்து, டார்ச் அடிச்சுப் பாருங்க. கதவுக்குக் கீழே ஓடற பட்டை, சைலன்ஸர் தொங்கற இடம், சஸ்பென்ஷன் போல்ட்டுங்க எல்லாத்தையும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால மெதுவா தட்டணும். ‘டங்’னு கேட்டா ஓகே. ‘பொத்’துன்னு கேட்டு, மேலே மட்டும் புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சிருந்தா, “வீட்ல கேட்டுட்டு சொல்றேண்ணே”ன்னு எழுந்து வந்துடுங்க.