வளையும் குழாயும் வழியும் நீரும்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

ஆண்டு மலருக்கு எழுத வேண்டும் என்றதும் என் நண்பர்கள் நிலவையும் காதலையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது அரை அங்குலக் குழாய். சிரிக்க வேண்டாம், நண்பர்களே! திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான் சிறப்பு. அந்த வானம் தந்த நீர் ஏரியில் தேங்கி, குழாயில் ஓடி, நம் வீட்டுக் குடத்தில் விழும் வரையில் எத்தனை எத்தனை மூட்டுகளைக் கடந்து வருகிறது! ஏரியைப் பற்றிப் பேசப் பலர் உண்டு. மூட்டைப் பற்றிப் பேச ஆளில்லை. எனவே நான் பேசத் துணிந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். நீர் பெரும்பாலும் குழாயின் நீளத்தில் ஒழுகுவதில்லை. ஒன்று மற்றொன்றோடு சேரும் இடத்தில்தான் ஒழுகுகிறது. அந்த இடத்தைச் சரியாகப் பொருத்துவது வெறும் கூலி வேலை அன்று. குழாயின் மறுமுனையில் இருக்கும் மனிதனுக்கு நாம் செய்யும் கடமை. அதைக் கற்றுக்கொள்ளப் படித்தவர்கள் வெட்கப்படலாகாது.

சக்கரத்தில் வந்திறங்கும் வீடு

நான் வள்ளூரைச் சேர்ந்தவன். 1500 மெகாவாட் அனல் மின் நிலையம் எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது. பக்கத்திலேயே 2001 ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம். இன்று அதற்குக் காமராசர் பெயர். சென்னைத் துறைமுகத்தில் 1983 ஆம் ஆண்டு கண்டெய்னர் முனையம் தொடங்கிய நாள் முதல், இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை சாலை என்றால் டிரெய்லர் லாரி என்றாகிவிட்டது.

கடலுக்குப் பயன்படாத பழைய கண்டெய்னர்கள் என்ன ஆகின்றன? அவற்றில் கதவும் சன்னலும் வெட்டி, மின்விசிறி மாட்டி, அறையாக்கி விடுகிறார்கள். டிரெய்லரில் ஏற்றி, வேலை நடக்கும் இடத்தில் கொண்டுபோய் இறக்குகிறார்கள். வேலை முடிந்தால் அறை அடுத்த ஊருக்குப் போகும். மேல்நாட்டார் காருக்குப் பின்னால் வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு உல்லாசப் பயணம் போவதைப் படங்களில் பார்க்கிறோம். நம் ஊரில் சினிமாப் படப்பிடிப்புக்கு வரும் கேரவனைக் கண்டிருக்கிறோம். எங்கள் பகுதிக் கண்டெய்னர் அறை அவற்றுக்கு ஏழைத் தம்பி. அதில் போவது உல்லாசத்துக்கு அல்ல, பிழைப்புக்கு.

இப்படி ஊர் ஊராகப் போகும் அறைக்குத் தண்ணீர் கொடுப்பது எளிதன்று. கட்டடத்தில் போடும் விறைப்பான பி.வி.சி. குழாயைப் போட்டால், லாரியின் குலுக்கலில் முழங்கை மூட்டுகள் விரிசல் விட்டுவிடும். ஆகவே வளையும் பிளாஸ்டிக் டியூப்பைப் போடுகிறார்கள். டியூப் குலுக்கலைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அது தொட்டியோடும் குழாயோடும் சேரும் முனை, நாம் எவ்வளவு பிடித்து வைத்தோமோ அவ்வளவுதான் நிற்கும்.

நான் கட்டிய கம்பி

என் தாய்மாமன் குழாய் வேலை செய்பவர். விடுமுறையில் அவருக்குக் கையாளாகப் போவேன். ஒருமுறை மீஞ்சூர்ப் பக்கம் ஒரு சாலைப் பணிக்காக இரண்டு கண்டெய்னர் அறைகள் வந்திறங்கின. ஒன்று பொறியாளர்களின் அலுவலகம். மற்றொன்று வடமாநிலத் தொழிலாளர் பன்னிருவர் தங்குவதற்கு. இரண்டின் கூரையிலும் ஆளுக்கொரு 500 லிட்டர் தொட்டி.

அலுவலக அறைக்குப் பித்தளை நிப்பிளும் இரும்புக் கிளிப்பும் வந்தன. தொழிலாளர் அறைக்கு வரவில்லை. கேட்டதற்கு, "கட்டுக்கம்பி போட்டு முறுக்கிடுங்க, போதும்" என்றார் ஒப்பந்தக்காரரின் ஆள். "வேணாம் சார், நிக்காது" என்றார் மாமா. வாக்குவாதம் வளர்ந்தது, பொழுதும் சாய்ந்தது. கடைசியில் கம்பியை எடுத்துக் கட்டியவன் நான்தான். "சும்மா கட்டிட்டுப் போலாம் மாமா, நமக்கென்ன?" என்று சொன்னவனும் நான்தான்.

பத்து நாள் நின்றது. பிறகு, தண்ணீர் மெதுவாக வருகிறதென்று ஒரு சிறு பிரஷர் பம்பை இடையில் மாட்டினார்கள். அன்றிரவே டியூப் கழன்றது. தொட்டி காலியாகும் வரை பம்பு ஓடியது. படுக்கைகள் நனைந்தன, மூட்டையிலிருந்த கோதுமை மாவு நனைந்தது. மறுநாள் நண்பகலில் தண்ணீர் லாரி வரும் வரையில் குடிக்கவும் நீரில்லை. நாங்கள் போனபோது அவர்களில் ஒருவர், மிஞ்சிய மாவைச் சாக்கில் பரப்பி வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

வகுப்பறையில் படித்தது

பத்து நாள் நின்ற இணைப்பு பதினோராம் நாள் ஏன் கழன்றது? இதற்கு விடை நம் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. பத்து மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். கண்டெய்னரின் உயரம் எட்டரை அடி; அதன் கூரைத் தொட்டி தருவது கால் கிலோவுக்குச் சற்றே கூடுதல். அரை அங்குல டியூப்பின் வாய்ப் பரப்பு சுமார் ஒன்றேகால் சதுர சென்டிமீட்டர். ஆக, டியூப்பைப் பிடுங்கப் பார்க்கும் விசை முந்நூறு கிராம் அளவுதான். அதற்குக் கம்பி போதும். பம்பு இரண்டு கிலோ அழுத்தம் தந்தால் அந்த விசை இரண்டரைக் கிலோ ஆகிவிடும். குழாயைச் சட்டென்று மூடும்போது ஓடி வந்த நீர் முட்டி மோதும் அடி வேறு. பகல் முழுதும் வெயில் குடித்த இரும்புச் சுவரின் சூட்டில் டியூப்பும் இளகியிருக்கும்.

கட்டுக்கம்பியின் குற்றம் இன்னொன்று உண்டு. அது டியூப்பைச் சுற்றிலும் ஒரே சீராக அணைப்பதில்லை. ஒரே கோட்டில் அழுத்தி அறுக்கிறது. முறுக்கிய இடத்தில் இடைவெளி விடுகிறது. கிளிப் என்பது அகலமான பட்டை. எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் பிடிக்கும்.

இத்தனையும் தேர்வுத்தாளில் எழுதத் தெரிந்த எனக்கு, கம்பியை முறுக்கும்போது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எனக்காகவே சொல்லி வைத்தது போலும்!

மாமா கற்றுத் தந்தது

அன்று மாமா என் கையாலேயே எல்லாவற்றையும் பிரித்து மறுபடி போடச் செய்தார். அந்தப் பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன், வீட்டில் பயன்படும்.

டியூப்பின் முனையைக் கூரிய கத்தியால் நேராக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் ஒரு பக்கம் குறைவாகவே ஏறும். மாட்டும் முன்பே கிளிப்பை டியூப்பில் கோத்துவிட வேண்டும். பிறகு நினைத்தால் வழியில்லை. முனையைச் சற்று நேரம் வெந்நீரில் நனைத்தால் இளகும். தீயில் காட்டலாகாது, பிளாஸ்டிக் கருகி மெலிந்துவிடும். நிப்பிளின் வரிகள் அத்தனையும் உள்ளே மறையும் வரை டியூப்பைத் தள்ள வேண்டும். கிளிப் அந்த வரிகளின் மேல் உட்கார வேண்டும். டியூப்பின் விளிம்பிலோ நிப்பிளைத் தாண்டியோ உட்கார்ந்தால் பயனில்லை.

மறுபக்கம் பல் போட்ட மூட்டு. அதில் டெஃப்லான் டேப்பைப் பல்லை முறுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே பிரிந்து வந்துவிடும். ரப்பர் வாஷர் இருக்கும் மூட்டுக்கு டேப் தேவையில்லை. அங்கே நீரைத் தடுப்பது வாஷர், பல் அன்று. முதலில் கையால் முறுக்கி, பிறகு ஸ்பானரால் கால் சுற்றோ அரைச் சுற்றோ போதும். "மாப்ளே, பிளாஸ்டிக் பல்லுல பலத்தைக் காட்டாதே. அது இன்னைக்குத் தாங்கும், நாளைக்கு வெடிக்கும்" என்பார் மாமா.

டியூப்பை விறைப்பாக இழுத்துக் கட்டாமல், சிறிது தளர்வு விட்டு வளைத்துச் சுவரோடு கிளாம்ப் வைத்துப் பிடிக்க வேண்டும். மடிப்பு விழக்கூடாது. முடிந்ததும் நீரை மெல்லத் திறந்து, மூட்டுக்கு அடியில் செய்தித்தாளை விரித்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் தாள் காட்டிக் கொடுக்கும். அறை இடம் மாறிப் போனால், இறக்கியவுடன் எல்லா மூட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நலம்.

பெரிய இடத்துக் கசிவுகள்

இது ஏழை நாட்டு அலட்சியம் மட்டும்தானா? அல்ல. அமெரிக்காவில் 1970களின் இறுதி முதல் 1990களின் நடுப்பகுதி வரை, இலட்சக்கணக்கான வீடுகளிலும் இடம் பெயரும் வீடுகளிலும் பாலிபியூட்டிலீன் என்னும் சாம்பல் நிற வளைகுழாயைப் போட்டார்கள். விலை மலிவு, வேலை எளிது. ஆனால் குடிநீரில் கலக்கும் குளோரின் பட்டுப் பட்டு அதன் பிளாஸ்டிக் இணைப்புகளும் குழாயும் நொறுங்கின; வீடுகள் நனைந்தன. வழக்கு நடந்து 1995 ஆம் ஆண்டில் சுமார் 95 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு ஏற்பட்டது. மூட்டில் மிச்சம் பிடித்த காசு, வட்டியோடு வெளியே போயிற்று!

நம் சென்னையின் கதையையும் பாருங்கள். 2019 ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. ஜூலை 12 அன்று 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் நீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த முதல் இரயில் தாமதப்பட்டதற்குக் காரணம், அங்கே நீரேற்றும் குழாய்வழியின் வால்வுகளில் ஏற்பட்ட கசிவு. இரயில் இருந்தது, தண்டவாளம் இருந்தது, காவிரி நீரும் இருந்தது. மூட்டு ஒழுகியதால் ஒரு மாநகரமே காத்து நின்றது.

சொட்டுக்கணக்கு

விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் மூட்டை நாம் பொருட்படுத்துவதில்லை. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல்; ஆண்டுக்கு 1500 லிட்டருக்கு மேல். மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுமீறி நிலத்தடி நீரை இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாயின. காட்டுப்பள்ளியில் 2010 ஆம் ஆண்டு முதல் கடல்நீரையே குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது; நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் அதன் திறன். இவ்வளவு பாடுபட்டு, மின்சாரம் செலவழித்து உண்டாக்கிய நீரைச் சொட்டுச் சொட்டாகச் சாக்கடைக்கு விடுவது எந்த ஊர் நியாயம்?

வீணாவது மட்டுமன்று, விஷமாவதும் உண்டு. வடசென்னையில் வீட்டுக்கு வீடு அடிபம்பு. தெருக்குழாயில் நீர் நின்ற நேரத்தில் அடிபம்பு இழுத்தால் குழாய்க்குள் அழுத்தம் குறையும். அப்போது நீரை வெளியே விட்ட அதே மூட்டு, சுற்றிலும் தேங்கிய சாக்கடையை உள்ளே இழுக்கும். வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் அந்த வழியில் வீட்டுக்குள் நுழையும். கசியும் மூட்டு இருபுறமும் திறந்த கதவு என்பதை மறந்துவிடக் கூடாது.

என் வேண்டுகோள்

நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஆண்டுதோறும் நடக்கிறது. மரம் நடுகிறோம், கோயில் மதிலுக்கு வெள்ளை அடிக்கிறோம். நல்லதுதான். இவ்வாண்டு ஒரு சனிக்கிழமையை மட்டும் மூட்டுகளுக்குத் தர வேண்டும் என்று பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். காலையில் ஒரு குழாய்த் தொழிலாளியை அழைத்து, விரிவுரை மேடையில் நிறுத்தி, நமக்குப் பாடம் நடத்தச் சொல்வோம். ஆம், மேடையில்தான்! மாலையில் கிளிப்பும் வாஷரும் டேப்பும் எடுத்துக்கொண்டு நான்கு தெருக்களின் தண்ணீர்த் தொட்டிகளையும், பக்கத்துக் கண்டெய்னர் அறைகளையும் உரியவர்களின் ஒப்புதலோடு பார்த்து வருவோம்.

"இது ஒப்பந்தக்காரரும் அரசும் செய்ய வேண்டிய வேலை, மாணவன் ஏன் செய்ய வேண்டும்?" என்று கேட்பவர் உண்டு. அவர்கள் செய்யத்தான் வேண்டும். செய்யச் சொல்லிக் கேட்கவும் வேண்டும். ஆனால் எது சரியான இணைப்பு என்று தெரியாதவன் எப்படிக் கேட்பான்? நாளை நம்மில் சிலர் அதிகாரிகள் ஆவோம். பலர் வேலை வாங்குபவர்கள் ஆவோம். அலுவலகத்துக்குப் பித்தளையும் தொழிலாளிக்குக் கம்பியும் என்று பட்டியல் வரும்போது, அதில் கையெழுத்திட மறுக்கவாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அன்று அந்த அறைக்கு வேண்டிய கிளிப்புகளை மாமா தம் காசிலேயே வாங்கிப் போட்டார். ஒரு கிளிப்பின் விலை, ஒரு தேநீரும் வடையும் உண்ணும் காசு. திரும்பும் வழியில் அவர் என்னை ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. தேநீர்க் கடையில் மட்டும், "இன்னைக்கு டீ கிடையாது மாப்ளே, கிளிப்புக்குப் போச்சு" என்று சிரித்தார்.

அந்தத் தேநீரை நான் இன்னும் அவருக்குத் திருப்பித் தரவில்லை. இந்தக் கட்டுரை அதற்கு முதல் தவணை.